பக்கத்துச் சீட்

பாரிஸ், 26 பெப்ரவரி 2025

லாராவின்ர அப்பாவுக்கு,

நாங்கள் சுகம். பிள்ளைக்குத் தடிமன் மாறீட்டுது. போனிலை கதைச்சால் நான் கத்திப்போடுவன், அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். அதாலைதான் எழுதி, ரூ பெர்தொனேத் தெருவிலை இருக்கிற கீர்த்தனன்ர கடையிலை குடுத்துவிடுறன். சனிக்கிழமை சாமான் வாங்க வருவியள்தானே.

உங்கட தண்டக் கடிதம் இஞ்சை வந்து கிடக்கு. கார் இன்னும் என்ர பேரிலையெல்லோ. பெப்ரவரி 11, காலமை ஏழு நாப்பத்திரண்டு, இஞ்சை பாரிசிலை ஸ்டாலின்கிராட் மெத்ரோவுக்குக் கிட்ட பஸ் ஓடுற பாதைக்குள்ளை ஓடியிருக்கிறியள். நான் ரெண்டுதரம் படிச்சன். நீங்களோ இப்பிடி ஓடினது? லாரா பிறக்கிற அண்டைக்கு நான் பின்சீட்டிலை கிடந்து குழற, பக்கத்திலை பஸ் பாதை வெறுமையாக் கிடக்க, ஒரு லொறிக்குப் பின்னாலை அரை மணித்தியாலம் நிண்ட மனுசன் நீங்கள். "உதுக்குள்ளை போகேலாது மிருணா" எண்டு சொன்னனீங்கள். பன்னிரண்டு வருசமாச்சு, நான் மறக்கேல்லை.

இப்ப ஆருக்காக இந்த அவசரம்? நிம்மதி வேணும், தனிய இருக்கப்போறன் எண்டு சொல்லித்தானே போன வருசம் பாரிசுக்கு வெளியாலை கூசேன்வில்லுக்குப் போனனீங்கள்.

மிருணாளினி


கூசேன்வில், 3 மார்ச்

அன்பின் மிருணாவுக்கு,

கடிதம் கிடைச்சது. வேலைக்குப் பிந்திப்போச்சு, அதுதான் பஸ் பாதைக்குள்ளை இறங்கினனான். வேறை ஒண்டும் இல்லை. தண்டத்தை நான் கட்டுறன், அந்தப் பேப்பரைக் கீர்த்தனனிட்டைக் குடுத்துவிடும். நாள் கடந்தால் கூட்டிப்போடுவாங்கள். லாராவுக்குச் சப்பாத்து வாங்கி வைச்சிருக்கிறன். அளவு முப்பத்தேழுதானே?

வரதராசா


பாரிஸ், 22 ஏப்ரல்

லாராவின்ர அப்பாவுக்கு,

பேப்பரை அனுப்பேல்லை எண்டு கோவமா இருப்பியள். இருங்கோ. உங்கட வேலை எயாப்போட்டிலை, வீட்டிலை இருந்து பத்து நிமிசம். கார் பாரிசுக்குள்ளை என்ன செய்தது? பொய் சொல்லுறதெண்டாலும் கொஞ்சம் யோசிச்சுச் சொல்லவேணும்.

கமரா எடுத்த படத்தைக் கேட்டு எழுதலாமெண்டு வேலையிலை ஒரு பிள்ளை சொன்னாள். லாராதான் பிரெஞ்சிலை எழுதித் தந்தவள், ஏனெண்டு நான் சொல்லேல்லை. படம் வர ஏழு கிழமை. அதுக்கிடையிலை தவணை கடந்து, தண்டத்தைக் கூட்டி இன்னொரு கடிதமும் வந்திட்டுது. ஓம், என்ர பிழைதான். படத்தைப் பாக்காமல் எனக்கு நித்திரை வரேல்லை.

படத்திலை நீங்கள் ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கொண்டு முன்னாலை குனிஞ்சு இருக்கிறியள். பக்கத்துச் சீட்டைக் கறுப்பாய் மறைச்சு அனுப்பியிருக்கினம். வெறுஞ்சீட்டெண்டால் என்னத்துக்கு மறைக்கிறது? என்னை ஒண்டும் விளங்காத பேய்ச்சி எண்டு நினைச்சியளோ. ஆர் அவள்? அதை மட்டும் சொல்லுங்கோ. எனக்கு வயிறு எரியுது, ஒளிக்க என்ன கிடக்கு.

மிருணாளினி


கூசேன்வில், 27 ஏப்ரல்

அன்பின் மிருணாவுக்கு,

துஷாந்தி. என்னோடை வேலை செய்யிறவ. தைப்பொங்கலுக்குப் பிறகு அவவின்ர வீட்டிலைதான் இருக்கிறன். உமக்கு முதலே சொல்லியிருக்கவேணும். எனக்குத் துணிவு வரேல்லை.

அண்டைக்கு அவவின்ர விசா அலுவலா பாரிசுக்கு வந்தனாங்கள். வழியிலை அவவுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கி, உதடு நீலமாகீட்டுது. நான் ஒண்டையும் யோசிக்கேல்லை, ஆஸ்பத்திரிக்கெண்டு பஸ் பாதைக்குள்ளை விட்டிட்டன். இப்ப சுகம்.

லாரா பிறந்த நாளைப் பற்றி எழுதியிருந்தீர். அண்டைக்கு எனக்கு இந்த நாட்டிலை இருக்கிறதுக்கு விசாக் காட் இல்லை, மிருணா. அதாலைதானே காரையே உம்மட பேரிலை வாங்கினது. பொலிஸ் மறிச்சால் என்னைக் கொண்டுபோயிருப்பாங்கள், நீர் நடுரோட்டிலை தனியக் கிடந்திருப்பீர். பிள்ளையையும் நான் பாத்திருக்கமாட்டன். லொறிக்குப் பின்னாலை நிக்கேக்கை பொலிஸ் வருதோ எண்டு நான் கண்ணாடியைப் பாத்துக்கொண்டிருந்தது உமக்குத் தெரியாது, நீர் பின்னாலை. இப்ப காட் இருக்கு, பயமில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

இதோடை ஒரு செக் வைச்சிருக்கிறன். துஷாந்தி எழுதித் தந்தவ. தன்னாலை வந்த தண்டம், தான் கட்டவேணும் எண்டு நிக்கிறா.

வரதராசா


பாரிஸ், 4 மே

லாராவின்ர அப்பாவுக்கு,

அண்டைக்கு உங்களுக்குக் காட் இல்லாதது எனக்குத் தெரியாததில்லை. ஆனால் இந்த ரெண்டு மாசமா அது ஞாபகத்துக்கே வரேல்லை. எரிச்சல் அப்பிடித்தான் செய்யும். லொறிக்குப் பின்னாலை நிண்டதுக்காக இத்தனை வருசம் உங்களை மனசுக்குள்ளை திட்டினனான். அதை இண்டையோடை விட்டிட்டன்.

ஆனால் இதையும் கேளுங்கோ. நீங்கள் பயந்து பயந்து இருந்த காலம் முழுக்க என்னோடை இருந்தனீங்கள். பொலிசைக் கண்டால் ரோட்டு மாறி நடந்தது என்னோடை. கதவு தட்டினால் மூச்சுக் காட்டாமல் இருந்தது என்னோடை. காட் வந்து, பயம் போய், நிமிந்து ஓடத் தொடங்கினவுடனை பக்கத்துச் சீட்டிலை அவ. அவவிலை எனக்குக் கோவமில்லை எண்டு பொய் சொல்லமாட்டன். சுகமா இருக்கட்டும். எண்டாலும் எனக்குப் பொறுக்கேல்லை.

செக்கைத் திருப்பி வைச்சிருக்கிறன். தண்டம் நேற்றுக் கட்டியாச்சு. கட்டினால் குற்றத்தை ஒத்துக்கொண்ட மாதிரியெண்டு லாரா வாசிச்சுச் சொன்னாள். ஒத்துக்கொண்டது நான். பேப்பரிலை என்ர பேர்தான் கிடக்கு, அது அப்பிடியே கிடக்கட்டும். அதிலை அவவுக்குப் பங்கு குடுக்க எனக்கு விருப்பமில்லை.

சப்பாத்து இறுக்கம். பிள்ளைக்கு இப்ப முப்பத்தெட்டு.

காரை உங்கட பேருக்கு மாத்திற பேப்பரிலை கையெழுத்து வைச்சு இதோடை அனுப்புறன். திகதியும் போட்டிட்டன். இனி நீங்கள் ஆரை ஏத்திக்கொண்டு எந்தப் பாதையாலை ஓடினாலும் கடிதம் அங்கைதான் வரும்.

மிருணாளினி