பாதி வெட்டிய தலையும் பறிபோன பாடவேளையும்

அனுப்புநர்: வழக்கறிஞர், ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தந்தை

பெறுநர்: மாவட்டக் கல்வி அலுவலர் அவர்கள்

பொருள்: முடிதிருத்தும் பயிற்சிக்குரிய இரண்டாம் பாடவேளையைக் கணிதத்திற்கு மாற்றியதை நீக்கக் கோருதல், மனுதாரரின் தலை இடப்பக்கம் நிலுவையில் உள்ளமை – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மனுதாரராகிய நான் ஒரு வழக்கறிஞர். சொத்துப் பத்திரங்களைச் சரிபார்ப்பது என் தொழில். ஒரு காற்புள்ளிக்காக ஒரு வாரம் யோசிப்பவன் என்று பெயர் எடுத்தவன். என் மனைவி இதைப் பாராட்டாகச் சொல்வதில்லை. இம்மனுவில் கூறியவை யாவும் நான் நேரில் கண்டவை. நேரில் காண இயலாத என் பின்னந்தலை மட்டும் இரு கண்ணாடிகளின் துணையோடு சரிபார்க்கப்பட்டது.

2. என் மகள் பயிலும் பள்ளியில் விருப்பத் தொழில் வகுப்பு செவ்வாய்தோறும் இரு பாடவேளைகள் சேர்ந்தாற்போல் நடந்துவந்தது. அவள் முடிதிருத்தும் பயிற்சியைத் தேர்ந்தாள். மற்ற நாட்களில் அவளை எழுப்ப நானும் மனைவியும் ஒரு செம்புத் தண்ணீரும் தேவை. செவ்வாயன்று அவளே எங்களை எழுப்புகிறாள்.

3. இப்பயிற்சிக்குத் தலைகள் வேண்டும். தலைகள் எளிதில் கிடைப்பதில்லை. எனவே சென்ற செவ்வாயன்று, எவருடைய வற்புறுத்தலுமின்றி, முழு நினைவோடு, என் தலையை மகளின் செய்முறைத் தேர்வுக்காக ஒப்படைத்தேன். "அப்பா, தும்மிடாதீங்க" என்பதே அவள் விதித்த ஒரே நிபந்தனை. அதை நான் மீறவில்லை.

4. வலப்பக்கம் முடிந்து கத்தரிக்கோல் உச்சியைத் தொட்ட தருணத்தில் மணி அடித்தது. கணித ஆசிரியர் உள்ளே வந்தார். தேர்வு முடிவுகள் சரிந்ததால் இரண்டாம் பாடவேளை இனி கணிதத்திற்கே என்ற சுற்றறிக்கை அன்று காலைதான் ஒட்டப்பட்டதாம். "பாதித் தலை சார், கொஞ்சம் பொறுங்க" என்றார் பயிற்றுநர் அம்மா. "முடி எங்கயும் போயிடாதும்மா, பரீட்சை காத்துக்கிட்டு இருக்குமா?" என்றார் ஆசிரியர். பின்னர் என்னை நோக்கி, "சார், இப்படியே வெளிய போகாதீங்க, பிள்ளைங்க பயந்துரும். கடைசி பெஞ்சில உக்காந்துக்குங்க" என்றார். போர்த்திய துணியோடு உட்கார்ந்தேன்.

5. அன்றைய பாடம் சமச்சீர். தீய நோக்கம் ஏதுமின்றியே அவர், "சமச்சீர் இல்லாத உருவம் ஒண்ணு சொல்லுங்க பாப்போம்" என்றார். வகுப்பு முழுவதும் கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தது. ஆசிரியர் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். துணிக்குள் நானும் குலுங்கினேன். அப்பாடம் அனைவருக்கும் நன்கு புரிந்ததென்பதை நடுநிலையோடு ஒப்புக்கொள்கிறேன். என் மகள் மட்டும் சிரிக்கவில்லை. சீப்பைக் கையில் பிடித்தபடியே இருந்தாள், நோட்டைத் திறக்கவில்லை.

6. மறுநாள் நீதிபதி, "வக்கீல் சார், கொஞ்சம் அந்தப் பக்கமாத் திரும்பி நில்லுங்க, ரெண்டு பேர் வாதாடற மாதிரி இருக்கு" என்றார். சக வழக்கறிஞர்கள் என்னை 'இடைக்காலத் தடை' என்றே அழைக்கின்றனர். தெருமுனை முடிதிருத்தகக்காரர், "வாங்க சார், ரெண்டே நிமிஷம், காசே வேணாம், பாக்கத் தாங்கல" என்று தினமும் மறிக்கிறார். ஆயினும் மறுத்துவருகிறேன். தேர்வுத் தலையை வேறொருவர் தொட்டால் அத்தேர்வு செல்லாது. பயிற்றுநர் முன்னிலையில் அல்லாமல் மகளும் தொடலாகாது.

7. அடுத்த செவ்வாயின் ஒற்றைப் பாடவேளையில் மீதியை முடிக்கலாமே எனத் தாங்கள் வினவக்கூடும். இடப்பக்கம் முடியும்போது வலப்பக்கம் ஒரு வாரம் வளர்ந்திருக்கும். அதைச் சரிசெய்ய மறுவாரம். அதற்குள் இடப்பக்கம் வளர்ந்துவிடும். இவ்வாறு என் தலை எந்நாளும் தீர்ப்பை எட்டாது. முடியாத தலைக்கு மதிப்பெண் இல்லை. மதிப்பெண் காட்டாத தொழில் வகுப்புகள் ஆண்டிறுதியில் மூடப்படும் என்று அதே சுற்றறிக்கை கூறுகிறது.

8. நான் கணிதத்திற்கு எதிரானவன் அல்லன். வாரத்தின் மற்றெல்லா வேளைகளும் பாடங்களுக்கே இருக்கட்டும். ஆனால் பாதியில் நின்ற கணக்கு நோட்டுக்குள் கிடக்கும். பாதியில் நின்ற தலை நீதிமன்றத்துக்கு வர வேண்டியிருக்கிறது. செவ்வாய் என்ற அந்த ஒரு நாளை நம்பியே என் மகள் மற்ற நாட்களிலும் கணக்குக்கும் இலக்கணத்துக்கும் வந்து உட்காருகிறாள். அதைப் பிடுங்கினால் கணிதத்துக்குக் கிடைப்பது ஒரு பாடவேளைதான்; மாணவி அல்ல.

9. ஆகவே, தொழில் வகுப்பைப் பொறுத்தமட்டில் மேற்படி சுற்றறிக்கையை நீக்கி, வரும் செவ்வாய் முதல் இரு பாடவேளைகளையும் மீண்டும் சேர்த்து வழங்க ஆணையிட வேண்டுகிறேன்.

10. மகளின் சான்றிதழுக்கு இன்னும் ஒரு தலை தேவை. பள்ளியைப் பார்வையிடத் தாங்கள் வரும்போது தங்கள் தலையைக் கேட்குமாறு அவள் சொன்னாள். கேட்கும் துணிவு எனக்கில்லை. அவள் கேட்டதைப் பதிவு மட்டும் செய்கிறேன். இரண்டாம் பாடவேளை எழுத்துமூலம் உறுதியாகும் வரை தாங்கள் அவளது முடிவெட்டும் நாற்காலியில் அமர வேண்டாம் என்பது, கட்டணமின்றி, என் சட்ட ஆலோசனை.

இடம்: தங்கள் அலுவலக வரவேற்பறை
நாள்: வெள்ளிக்கிழமை, முற்பகல்

(ஒப்பம்)
மனுதாரர், தலையுடன் நேரில்

சாட்சிகள்:
1. மனுதாரரின் மனைவி
2. தெருமுனை முடிதிருத்தகக்காரர்
3. கணித ஆசிரியர் (தலையின் நிலைக்கு மட்டும், கோரிக்கையைப் பற்றி யோசித்துச் சொல்வதாகக் கூறியுள்ளார்)