விழுந்தவர்களுக்கு முழு சிகிச்சை

ஜூலை 16, புதன்

காலையில் கட்டிங் செக்‌ஷனில் ஒரு விரல் வெட்டு. மதியம் தலைவலிகள். சாயங்காலம் ஒரு மயக்கம்; காலையில் சாப்பிடாததுதான், வேறொன்றுமில்லை.

கிளம்பும் நேரத்தில் ஹெச்.ஆர். மேனேஜர் சசிகுமார் சார் கம்பெனி கிளினிக்குக்கு வந்தார். பனியன் கம்பெனிகளுக்குள் கால்பந்துப் போட்டியாம், ஞாயிறுதோறும். ஒவ்வொரு டீமும் ஒரு நர்ஸைக் கூட்டிவர வேண்டுமாம். "நீங்க சும்மா நெழல்ல உக்காந்திருந்தாப் போதுங்க சிஸ்டர்."

கால்பந்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். பந்தைக் கையால் தொடக்கூடாது. துணி துவைக்கிற ஞாயிறு போச்சு.

ஜூலை 20, ஞாயிறு

நிழலும் இல்லை, உட்காரவும் இல்லை.

நம் டீமில் கோல் போடுகிறவன் முனீஸ். கட்டிங்கில் துணியை அடுக்கி லேயர் போடும் வேலை. என் ஊர்ப்பக்கம், சாத்தூர்க்காரன். அதனால் மற்றவர்களைப்போல சிஸ்டர் என்று கூப்பிடமாட்டான், அக்காதான். ஒரு கோல் முன்னால் இருந்தோம். திடீரென்று முனீஸ் அரிவாள் வெட்டு வாங்கியவன்போலக் கத்திக்கொண்டு விழுந்தான். உருண்டான். மறுபடி உருண்டான். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஒரு செருப்பு பாதி வழியில் கழன்றுவிட்டது, திரும்பி எடுக்கவில்லை. மண்டியிட்டு, எலும்பு போயிருக்குமோ என்று முழங்காலைத் தொட்டால், கண்ணைத் திறக்காமலே கிசுகிசுக்கிறான்:

"ஒண்ணுமில்லக்கா. மெதுவாத் தேய்ங்க. ஜெயிச்சிட்டிருக்கோம்ல."

நேரத்தைக் கடத்துகிறான் என்று எனக்குப் புரியக் கொஞ்சம் ஆனது. அதற்குள் எதிர் டீம் பையனுக்கு மஞ்சள் கார்டு காட்டியாகிவிட்டது. அவன் பாவம், தன் காலையே குனிந்து பார்த்துக்கொண்டு நின்றான், இது எப்போது போய் யாரை இடித்தது என்று.

நானும் தேய்த்தேன். வலியே இல்லாத காலை!

ஜூலை 21, திங்கள்

சசிகுமார் சார்: "நல்லா டைம் எடுத்தீங்க சிஸ்டர். சூப்பருங்க."

நான் எங்கே எடுத்தேன்? வலி ஸ்ப்ரே மூடி திறக்க வரவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

இன்றைக்குக் கீழே விழாதது கோல் கம்பம் மட்டும்தான். இரண்டு டீமிலும் அதே கதை. காற்றுப் பட்டால் விழுகிறார்கள், விசில் கேட்டால் எழுகிறார்கள். முனீஸ் ஒரு தடவை முகத்தைப் பொத்திக்கொண்டு விழுந்தான். இடித்தது தோளில். அப்படித்தான் எல்லாரும் சொன்னார்கள்.

நடுவர் சித்ராதேவி அரசுப் பள்ளியில் பி.டி. டீச்சர். ஒடிசலான ஆள், குரல் மட்டும் பெரிது. இடைவேளையில் என்னிடம் வந்தார். "ஏனுங்க சிஸ்டர், நெசமா அடிபட்டுதா, நடிக்கறாங்களான்னு நீங்க பாத்துச் சொல்லீர்றீங்களா? நான் கார்டு குடுத்தர்றேன்."

"வலிக்கலைன்னு நான் எப்படி மேடம் சொல்றது? அதுக்கு மெஷின் கிடையாதே. வலிக்குதுன்னு ஒருத்தர் சொன்னா நம்பணும். அப்படித்தான் எங்களுக்குப் படிப்பு."

"அப்ப நான் விசில வெச்சுக்கிட்டு என்னங்க பண்றது?"

கோபமாகக் கேட்கவில்லை. அழுகிறமாதிரி கேட்டார். மைதானத்தைச் சுற்றி நின்றவர்கள் அவரை என்னென்ன திட்டினார்கள் என்று எனக்குத் தெரியும். எழுத முடியாது.

ஜூலை 29, செவ்வாய்

பிரஷர் பார்த்துக்கொண்டிருக்கும்போது தோன்றியது. வலிக்கிறது என்றால் நம்பவேண்டும். சரி. நம்பினால்? முழு சிகிச்சை கொடுக்கவேண்டும்! அரைகுறையாகத் தேய்த்துவிட்டு அனுப்புவதுதானே தப்பு?

சித்ராதேவி மேடத்துக்குப் போன் செய்தேன். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது அவருக்கு. "ரூல்லயே இருக்குதுங்க சிஸ்டர். உள்ள வந்து வைத்தியம் பாத்தா, ஆளு வெளிய போய்த்தான் வரோணும். யாருமே கேக்கறதில்ல. நீங்க சரின்னு சொன்னாத்தான் நான் உள்ள உடுவேன், போதுமா?"

ஆகஸ்ட் 3, ஞாயிறு

அரையிறுதி. நான் மறக்கமுடியாத நாள்.

முதலில் விழுந்தது எதிர் டீம் ஆள். அவர்களுடைய நர்ஸ் வரவில்லை, நானே போனேன். கழுத்து என்றார். கழுத்தா? அசையக்கூடாது! கழுத்துப் பட்டை கட்டி, ஸ்ட்ரெச்சரில் தூக்கி, வெளியே படுக்கவைத்து, கண்ணுக்கு டார்ச் அடித்து, இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டேன். சரியாகச் சொன்னார். அப்புறம் பத்து நிமிஷம் கண்காணிப்பு. "சிஸ்டர், நல்லா இருக்கேனுங்க, உடுங்க" என்று கெஞ்சினார். தலை, கழுத்து விஷயத்தில் அவசரப்படக்கூடாது.

அடுத்தது முனீஸ். கெண்டைக்கால். இரண்டு பக்கமும் கட்டை வைத்து, இடுப்புவரை சுற்றிக் கட்டினேன். முட்டியில் மண் சிராய்ப்பும் இருந்தது. "கடைசியா டி.டி. ஊசி எப்பப் போட்ட?" என்று சிரிஞ்சை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். கட்டிய கட்டையோடு எழுந்து ஓடப் பார்த்தான். "யக்கா, சரியாப் போச்சுக்கா! சத்தியமா சரியாப் போச்சு!"

அதற்குப் பிறகு நான் பெட்டியைத் தொட்டாலே போதும், விழுந்தவன் எழுந்துவிடுகிறான். சர்வீஸில் இவ்வளவு பேரை இவ்வளவு சீக்கிரம் குணப்படுத்தியதே இல்லை. கூட்டம் முழுக்கக் கைதட்டல். யாரோ "டாக்டரம்மா" என்றுகூடக் கத்தினார்கள். முனீஸ் இல்லாத நேரத்தில் ஒரு கோல் வாங்கினோம். இருந்தும் ஜெயித்துவிட்டோம்.

ஆகஸ்ட் 4, திங்கள்

சசிகுமார் சார் உட்காரவில்லை. நின்றபடியே பேசினார். "நீங்க நம்ம கம்பெனி சிஸ்டருங்களா, அவிய கம்பெனி சிஸ்டருங்களா? ஃபைனலுக்கு எம்.டி. வர்றாருங்க. நம்ம பசங்க உழுந்தா ஸ்ப்ரே அடிங்க, எந்திரிச்சு வந்துருங்க. செப்டம்பர்ல உங்க கான்ட்ராக்ட் வேற முடியுதுங்க."

கடைசி வரியை ரொம்ப மரியாதையாகச் சொன்னார்.

சரிங்க சார் என்றேன். ஏன் சொன்னேன்? வாடகை, பிள்ளை ஃபீஸ் — வேறென்ன. ஃபைனல்ல எவனாவது விழுந்தா நான் என்ன செய்யப்போறேன்? தெரியல.

ஆகஸ்ட் 9, சனி

தூக்கம் வரவில்லை. ஸ்ப்ரே மூடிக்குத் தேங்காய் எண்ணெய் போட்டேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இறுதிப் போட்டி. எம்.டி. குடைக்குக் கீழே, பக்கத்தில் சசிகுமார் சார். யாரும் விழவில்லை. முதல் பாதி முழுக்க ஒருவர்கூட! இதற்காகவா இவ்வளவு பயந்தேன் என்று எனக்கே சிரிப்பு.

கடைசிக் கட்டம். கோல் எதுவும் இல்லை. முனீஸ் தலையால் முட்ட எகிறினான், மேலேயே மோதல், தோள் அடிபட விழுந்தான். உடனே எழுந்துவிட்டான். கத்தவில்லை, உருளவில்லை. கையை மட்டும் "ஒண்ணுமில்ல" என்று ஆட்டினான். எம்.டி. எழுந்து நின்று கைதட்டினார்.

அவன் ஆட்டியது இடது கை. அப்புறம் அதே கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டான். தலை வலது பக்கம் சாய்ந்திருந்தது. உதடு வெளுத்திருந்தது. நடிக்கிறபோது நடுவரைத்தான் பார்ப்பான். இப்போது யாரையும் பார்க்கவில்லை.

ஓடினேன். யாரும் கூப்பிடவில்லை. ஆட்டம் நடந்துகொண்டிருக்கிறது, பந்து என் காலுக்கு நடுவே போகிறது, நான் ஓடுகிறேன்.

விசில். சித்ராதேவி மேடம் முகம் சிவந்து வந்தார். "சிஸ்டர்! கேக்காம உள்ள வரலாமுங்களா?" பையிலிருந்து மஞ்சள் கார்டை எடுத்து எனக்கே காட்டிவிட்டார். மைதானம் அதிர்ந்தது. நர்ஸுக்குக் கார்டு!

"போங்கக்கா" என்றான் முனீஸ், பல்லைக் கடித்துக்கொண்டு. "வலிக்கவே இல்ல. நீங்க வந்தா வெளிய அனுப்பிருவீக, கட்டையக் கட்டிருவீக. போங்கக்கா."

மேடம் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வலிக்கலீங்கறான். நீங்கதான சொன்னீங்க, அவிய சொல்றத நம்போணும்னு?"

"வலிக்கலைன்னு என்னால சொல்ல முடியாது மேடம். வலிக்குதுன்னு சொல்ல முடியும். தோள்ல காறை எலும்பு போயிருக்கு. இவனை விளையாட விடாதீங்க."

குடைப்பக்கம் நான் பார்க்கவில்லை. மேடம் யோசிக்கவே இல்லை. வெளியே என்று கை காட்டினார்.

பெனால்டியில் தோற்றோம். முனீஸ் அடிக்கவேண்டிய பெனால்டியை வேறொருவன் அடித்தான். பந்து பக்கத்துத் தெரு வரை போனது.

ஆகஸ்ட் 11, திங்கள்

எக்ஸ்ரே. காறை எலும்பு முறிவுதான். இன்னொருமுறை விழுந்திருந்தால் எலும்பு குத்திக்கொண்டு வெளியே வந்திருக்கும் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர்.

என்னால சிரிக்க முடியல. முதல் பாதியில் யாரும் விழாததற்குப் பெருமைப்பட்டேனே! நடிப்பை நிறுத்தினேன் என்று நினைத்தேன். வலியைச் சொல்வதையும் சேர்த்தல்லவா நிறுத்தியிருக்கிறேன். ஊசியைக் காட்டிப் பயமுறுத்துகிறவளிடம் எவன் வந்து வலிக்குது என்பான்?

சாயங்காலம் மேடம் ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சோடு வந்தார். வராந்தாவில் நின்று பேசினோம். "நானுந்தாங்க தப்பு" என்றார். "நடிக்கறானான்னு நாந்தான் பாக்கோணும். கூட்டம் திட்டுமேன்னு பயந்து அத உங்க தலைல கட்டிப்போட்டேன். இனிமே நடிப்புக்குக் கார்டு, அது என் வேலை."

"ஐஸ் என் வேலை. யாரு விழுந்தாலும்."

"கார்டு வாங்குனவனுக்குமா?"

"அவனுக்கும்."

ஆகஸ்ட் 12, செவ்வாய்

சசிகுமார் சார் எக்ஸ்ரே படத்தை ஜன்னலில் தூக்கி வெகுநேரம் பார்த்தார். தலைகீழாகப் பிடித்திருந்தார். நான் சொல்லவில்லை. "எம்.டி. கேட்டாருங்க, அந்த சிஸ்டர் யாருன்னு" என்றார். அவ்வளவுதான். நல்லதா கெட்டதா?

செப்டம்பர் 30, செவ்வாய்

என் கான்ட்ராக்டின் கடைசி நாள். புதியது இன்னும் கைக்கு வரவில்லை. நாளைக்கும் வந்து கிளினிக்கைத் திறப்பேன்.

நவம்பர் 16, ஞாயிறு

முனீஸுக்கு எலும்பு கூடியபின் முதல் ஆட்டம். சசிகுமார் சார் எனக்கு நாற்காலியும் குடையும் போட்டுக் கொடுத்திருந்தார். எம்.டி. சொன்னாராம்; என் கான்ட்ராக்டை நீட்டச் சொன்னதும் அவர்தானாம். உட்கார்ந்து ஒரு வாய் டீ குடிப்பதற்குள் அலறல்.

முனீஸ்தான். எதிராளி ஒரு முழம் தள்ளி நின்றான். இவன் பறந்து, விழுந்து, உருண்டு, கணுக்காலைப் பிடித்துக்கொண்டு "யம்மா!" சித்ராதேவி மேடம் நிதானமாக நடந்துபோய் மஞ்சள் கார்டைக் காட்டினார். கூட்டம் கத்தியது. அவர் காதில் வாங்கவே இல்லை. அப்புறம் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். வரலாம்.

"நடிச்சேங்கா, ஒத்துக்கிடுதேன்" என்றான் முனீஸ். கண்ணில் நிஜமாகவே தண்ணீர். "ஆனா விழுகையில கால் பெரண்டுருச்சுக்கா. நெசமாவே வலிக்கி."

தொட்டுப் பார்த்தேன். வீங்கத் தொடங்கியிருந்தது. ஐஸ் வைத்தேன்.