வாசலைப் பார்த்து மாட்டிய ஃபெல்ட்வேபல்

பித்தளை துலக்கும் மருந்தின் நெடி காலையிலிருந்து குசினியை விட்டுப் போகவில்லை. இன்று தம்பியின் திவசம், விளக்குகளைத் துலக்கிக்கொண்டிருந்தேன். மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து யன்னலைத் திறந்துவிட்டாள், டெனிஷில் ஏதோ முணுமுணுத்துவிட்டுப் போனாள். எனக்கென்றால் அது உங்கள் வீட்டு நெடி. உங்கள் அப்பாவின் சட்டைக் கழுத்தில் இருந்த அந்தப் பெரிய பொத்தானை நீங்கள்தான் துலக்குவீர்கள். விரல்கள் மடங்காமல் போனதும் வேலை என் தலையில் விழுந்தது. முதியவர்களின் வீட்டுப் பராமரிப்பில் இப்படியொரு வேலை இல்லை, எனக்குத் தந்த அட்டவணையில் காணவில்லை என்றேன். "அப்படியென்றால் அட்டவணை பிழை" என்றீர்கள்.

கோல்டிங்கில் உங்கள் வீட்டுக்கு முதல் நாள் வந்தபோது கதவைத் திறந்ததும் எதிரே நின்றது உங்கள் அப்பாவின் படம். மீசை, இடுப்பில் வாள், வாளில் குஞ்சம், கழுத்தில் கழுகு பொறித்த பொத்தான். அப்பா பெரிய அதிகாரியோ என்று மரியாதையாகத்தான் கேட்டேன். நீங்கள் இருமும்வரை சிரித்தீர்கள். அதிகாரி இல்லை, ஃபெல்ட்வேபல் என்றீர்கள். ஜெர்மன் பேரரசன் கைசரின் படையில் சாதாரணச் சிப்பாயாக நுழைந்தவன் ஏறக்கூடிய உச்சி அதுதானாம். அதிகாரியின் வாள் உண்டு, குஞ்சம் உண்டு, அதிகாரிகளின் மேசையில் மட்டும் இடம் இல்லை. யாருக்கு என்ன சாப்பாடு, யார் காவல், யாருக்குக் கிழிந்த சப்பாத்து என்பதெல்லாம் அவர் கையில். அதனால் அவரைக் 'கம்பனியின் அம்மா' என்பார்களாம். என் சீருடையைப் பார்த்து, "நீயும் அந்தச் சாதிதான்" என்று கண்ணடித்தீர்கள்.

உங்கள் பிறந்த ஊர் ஹாதர்ஸ்லேவ் பக்கம். அன்று அது ஜெர்மன் நாடு. வீட்டுக்குள் டெனிஷ் பேசியவர்களும் கைசருக்காக முதல் உலகப் போருக்குப் போகத்தான் வேண்டியிருந்தது. உங்கள் அப்பாவையும் பிடித்துத்தான் கொண்டுபோனார்கள். போன இடத்தில் கெட்டிக்காரன் என்று மேலே மேலே ஏற்றிவிட்டார்கள். கடைசி இலையுதிர்காலத்தில் அதிகாரிகள் செத்துத் தீர்ந்தபோது 'பதில் அதிகாரி' ஆக்குகிறோம், ஒரு அணியை நடத்து என்றார்களாம். வேலை அதிகாரியின் வேலை, பெயர் மட்டும் கிடையாது. என் பெடியன்களுக்குச் சோறு போட ஆள் வேண்டும் என்று அவர் மறுத்துவிட்டாராம். போர் முடிந்த அன்று ரயில் நிலையத்தில் கையில் சிவப்புத் துணி கட்டிய கலகக்காரர்கள் அதிகாரிகளின் தோள்பட்டைகளைப் பிய்த்து எறிந்தார்களாம். இவரின் கழுத்துப் பொத்தானிலும் கை வைக்க வந்தபோது, எங்கள் அம்மாவை விடுங்கள் என்று சிப்பாய்கள் குறுக்கே நின்றார்களாம். இதைச் சொல்லி முடித்துவிட்டு, "பாதியைத்தான் நான் நம்புகிறேன்" என்றீர்கள். அந்த ஒரு சொல்லுக்காகவே உங்களை எனக்குப் பிடித்துப்போனது.

ஊருக்குத் திரும்பியவருக்கு யாரும் மாலை போடவில்லை. அவருக்குக் கீழே நின்று செத்த பெடியன்களின் தாய்மார் அவரைக் கண்டால் தெருவின் மறுபக்கம் மாறினார்கள். எல்லை மாறி ஊர் டென்மார்க்கோடு சேர்ந்த பிறகு இன்னும் மோசம், கைசரின் நாய் என்றார்கள். அப்போதுதான் அவர் அந்தப் படத்தை வாசலைப் பார்த்து மாட்டினார். நியாயம் கேட்க வருகிறவர்கள் முதலில் என்னைப் பார்க்கட்டும் என்று. நீங்களும் வீடு மாறிய இடமெல்லாம் அப்படியே மாட்டினீர்கள். ஜெர்மன் உடுப்பு, பார்ப்பவர்கள் இரண்டாம் உலகப் போரை நினைப்பார்கள், கழற்றுங்கள் என்று உங்கள் தங்கை மகன் வரும்போதெல்லாம் நச்சரிப்பார். ஒருநாள் அவரின் தொப்பியை எடுத்து, போய் வா என்று கையில் கொடுத்துவிட்டீர்கள்.

பிறகு ஊரில் எங்கள் போரும் முடிந்தது. கடைசி மாதங்களில் போராளி இயக்கம் தம்பியைப் பிடித்துக்கொண்டு போனது. வயதில் மூத்தவன் என்று சில பெடியன்களை அவனுக்குக் கீழே விட்டார்கள். அவனும் மிஞ்சவில்லை, அவர்களும் மிஞ்சவில்லை. அதில் ஒருவன் ஹொல்ஸ்டெப்ரோவில் இருக்கும் ஒரு அக்காவின் தங்கை மகன். பிள்ளையைச் சாகக் கொடுத்தவன் என்று அந்த அக்கா டென்மார்க் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். தம்பியின் முப்பத்தோராம் நாள் சடங்கை மண்டபம் எடுத்துச் செய்ய ஆசைப்பட்டேன். என்ரை மனிசன் சம்மதிக்கவில்லை. "வீட்டுக்குள்ளை செய்வம். ஏன் வீண் கதை?" என்றார்.

உங்கள் காலுக்குக் கிறீம் பூசிக்கொண்டே அழுது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உங்களுக்குத் தேற்றத் தெரியாது. "ஒளித்துச் செய்தால் அவனை நீயே குற்றவாளி ஆக்குகிறாய். என் அப்பா நல்லவர் என்று நான் எப்போதாவது சொன்னேனா? கத்தினார், தண்டித்தார். நான் அவரைக் கழுவி வைக்கவில்லை, மாட்டி வைத்திருக்கிறேன்" என்றீர்கள். அவ்வளவுதான். பிறகு கிறீம் காணாது, இன்னும் பூசு என்று அதட்டினீர்கள்.

மண்டபம் எடுத்தேன். தம்பியின் படத்தை வாசலைப் பார்த்து வைத்தேன். நீங்கள் கறுப்பு உடுப்போடு டாக்ஸியில் வந்து, நடக்கப் பிடிக்கும் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு முன்வரிசையில் குந்தினீர்கள். வடை உறைக்கிறது என்று முறையிட்டுவிட்டு இன்னொன்று கேட்டீர்கள். அந்த நேரம்தான் ஹொல்ஸ்டெப்ரோ அக்கா உள்ளே வந்தார். படத்துக்கு முன்னால் நின்றார்.

"இவனோ?"

"ஓம் அக்கா, இவன்தான். என்ரை தம்பி."

"எங்கடை பெடியனைக் கொண்டுபோனவன்."

"கொண்டுபோனது அவனில்லை, அவனையும் கொண்டுதான் போனவை. ஆனால் உங்கடை பெடியன் அவனுக்குக் கீழைதான் நிண்டவன். அதை நான் மறைக்கேல்லை. இருங்கோ, எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லுறன்."

கதிரையில் இருந்தார். எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான், அதைச் சொன்னேன். கேட்டு அழுதார், சாப்பிடாமல் போனார். மன்னித்தார் என்று எழுத ஆசைதான், அப்படி ஒன்றும் நடக்கவில்லை. தமிழ் ஒரு சொல்லும் விளங்காத நீங்கள் எல்லாம் விளங்கியவராக என் கையைப் பிடித்தீர்கள். "வந்தாளே, அது போதும். அப்பாவிடம் கேட்க எங்கள் வாசலுக்கும் ஒரேயொரு தாய்தான் வந்தாள்" என்றீர்கள்.

நீங்கள் போய்ச் சேர்ந்ததும் அந்த வீட்டைக் காலி செய்தார்கள். படத்தைத் தங்கை மகன் என்ன செய்தார் என்று தெரியாது. எனக்குக் கேட்க உரிமை இல்லை, ஆனால் கோபம் இருக்கிறது, இன்றைக்கும் இருக்கிறது.

ஒவ்வொரு வருடமும் திவசத்துக்கு முன் ஹொல்ஸ்டெப்ரோவுக்கு நானே போன் எடுக்கிறேன், இன்ன நாள், வாருங்கள் என்கிறேன். முதல் வருடங்களில் போனை வைத்துவிடுவார். பிறகு வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். இந்த முறை, "பெடியன்ரை படம் ஒண்டு இருக்கு. அனுப்பினால் வைப்பியோ?" என்று கேட்டார்.

நேற்றுத் தபாலில் வந்தது. பள்ளிக்கூடச் சட்டையோடு ஒரு சின்னப் பிள்ளை. இதையும் ஏன் இழுத்துப்போடுகிறாய், வருகிறவர்கள் ஆர் எவர் என்று கேட்பார்களே என்று என்ரை மனிசன் பின்னாலேயே நின்றார். கேட்கட்டும் என்று சொல்லிவிட்டு, தம்பிக்குப் பக்கத்தில் ஆணி அடித்தேன்.