அறுத்த நாலு துண்டு

சர்க்கரை நோயில் கிதிர் முகம்மதுவின் இடக்காலை எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் தச்சுவேலைக்கென்று அவரே செய்யத் தொடங்கிய பெஞ்சு, பலகை ஏற்றாமல் கொட்டகையில் கிடந்தது. "நின்னு இழைக்க முடியாதவனுக்குப் பெஞ்சு எதுக்குட்டி? விறகாக்கு" என்று நேற்று ராத்திரி தட்டைத் தள்ளிவிட்டார். குற்றாலத்து லாட்ஜுக்குத் துணி துவைக்கப் புறப்பட்ட அவர் மனைவி ஹாஜரா, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவரின் தலைமாட்டில் சீட்டு எழுதிவைத்தாள்.

"சோறும் மீன்குழம்பும் மூடி வச்சிருக்கேன். கட்டு மாத்த நர்ஸம்மா வருவாவ. சாவி அடுத்த வீட்டு அதீபாகிட்ட இருக்கு, அவ திறந்துவிடுவா. நர்ஸம்மாகிட்டயாவது எரிஞ்சு விழாதீங்க.

காலையில ரம்பச் சத்தம் கேட்டிருக்கும். நேத்து சாயந்தரம் நீங்க நாற்காலியில கண்ணசந்தப்ப, தரையிலயிருந்து உங்க முழங்கை வரைக்கும் நூல் பிடிச்சு அளந்தேன். பெஞ்சுக் கால் நாலையும் அந்த உசரத்துக்கு அறுத்து, பலகையும் ஏத்தியாச்சு. ஒரு பக்கம் ஆடுது. அத நீங்கதான் சரிபண்ணணும்."

செருப்பை மாட்டியவள் திரும்பி வந்து, அடியில் நெருக்கி எழுதினாள்.

"விறகாக்கச் சொன்னீங்கல்லா. அறுத்த நாலு துண்டையும் எரிச்சாச்சு. பிளாஸ்க்ல இருக்குத காப்பி அதுல போட்டதுதான்."