பேனரில் தும்பி

ஜூன் 9, திங்கள்

நான் வேலை பார்க்கும் பிளெக்ஸ் கடையில் என்னிடம் ஒரு பெரியவர் போனை நீட்டினார். இறந்த மகனுக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் வேண்டுமாம். போனில் இருந்தது நான் வரைந்த படம். எங்கள் பால்புதுமையினர் (LGBTQ) இணையக் குழுவில் 'தும்பி' என்ற புனைபெயரில் இருப்பவனுக்காக, ப்ரைடு மாதத்துக்கென்று அவன் முகத்தை வானவில்லோடு வரைந்து கொடுத்திருந்தேன். குழுவில் நாங்கள் யாரும் நிஜப் பெயர் கேட்பதில்லை. இன்று அவன் பெயரை நானே பேனரில் அடித்தேன்.

"பின்னாடி இருக்கற கலரை மட்டும் எடுத்துருங்க சாமி," என்றார்.

எடுத்தேன்.

"இப்பத்தானுங்க எம் பையனாட்டம் இருக்கறான்."

குழுவில் ஒருத்தி எழுதியிருக்கிறாள்: "ரெண்டு நாளா தும்பி யாரையும் சாப்டீங்களான்னு கேக்கலையே?"

பதிலை அடிக்கிறேன். அழிக்கிறேன். மறுபடி அடிக்கிறேன்.