குக்கரில் மாட்டிய குழாய்

அண்ணா,

இன்று மதியம் பக்கத்து வீட்டு அக்கா உன் குழாயைக் கேட்டு வந்தாள். குக்கரின் வெயிட்டை எடுத்துவிட்டு அந்த மூக்கில் செருகுவாயே, அந்த ரப்பர் குழாய். மறுமுனையில் பால் பவுடர் டப்பாவை வெட்டி நீயே செய்த தகரப் புனல். ஆணியிலிருந்து கழற்றியபோது தைலமும் நொச்சியும் கலந்த வாடை அடித்தது. நீ போய் ஒரு மழைக்காலம் கழிந்தும் அது போகவில்லை.

"அவருக்கு நேத்துலேர்ந்து இழுப்பு தம்பி. இத வச்சிக்கினு நீ என்னா பண்ணப் போற?" என்றாள். சாயப்பட்டறையில் உன் இடத்தில் இப்போது நிற்பவர் அவள் புருஷன்தான்.

அந்த இடம் எனக்குத் தெரியும். உனக்குச் சாப்பாடு கொண்டுவந்து வாசலில் நின்றாலே கண் எரியும். கொதிக்கும் செப்புத் தொட்டி, அமிலம் ஊற்றியதும் எழும் புகை, ஜன்னல் இல்லாத சுவர். பட்டு நூலைக் கோலில் மாட்டி முக்கிக்கொண்டே இருமுவாய். வீட்டுக்கு வந்ததும் போர்வைக்குள் மறுபடியும் ஆவி.

"பகல்ல சம்பளத்துக்கு ஆவி, சாயந்தரம் ஓசியில ஆவி. எனக்கென்னாடா கொறச்சல்?" என்று உள்ளேயிருந்து சிரிப்பாய். சிரிப்பு இருமலாகும். அம்மா அடுப்பைத் தணிப்பாள்.

புகையை வெளியேற்ற ஒரு ஃபேன் கேட்டாய். "வீட்ல நல்லா ஆவி புடிபா, சரியாப்பூடும்" என்றார் முதலாளி. ஆயுத பூஜைக்குத் தைல பாட்டில் கொடுத்தார். புடவை அடுக்கும் அறையில் ஏசி ஓடியது. புடவை கெட்டுவிடக் கூடாதே.

டாக்டரம்மா தெளிவாகத்தான் சொன்னார்: "ஆவியால இது போவாது. மொதல்ல அந்த வேலைய வுடுங்க." ஆனால் ஆவி பிடித்தால் உனக்குக் கொஞ்சம் இளகும். மறுநாள் பட்டறைக்குப் போக அந்தக் கொஞ்சம் போதும். அந்தக் குழாய் உன்னைக் குணப்படுத்தவே இல்லை அண்ணா, வேலைக்கு அனுப்பிவைத்தது. "முகூர்த்த மாசம்டா, இது முடியட்டும்" என்றாய். மாதம் முடியவில்லை. தொட்டி ஓரத்திலேயே விழுந்தாய்.

இன்று அக்காவிடம் குழாயைத் தரமாட்டேன் என்று கத்தினேன். "ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போலாம்கா, நான் வண்டி எடுக்கறேன்" என்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. உன் சத்தமேதான். மூச்சுக்குத் தவிக்கிறவரிடம் நியாயம் பேச என்னால் முடியவில்லை. கொடுத்துவிட்டேன்.

"கண்டிப்பா போலாம்பா," படி இறங்கும்போது சொன்னாள். "முகூர்த்த மாசம். இது முடியட்டும்."

என்னிடம் மிஞ்சியது போர்வைதான். நீ இழுத்துப் பிடித்த ஓரத்தில் அரக்குச் சிவப்பாக உன் விரல்கள். எத்தனை துவைத்தும் போகவில்லை, நல்ல சாயம். அதை மடியில் போட்டுக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பக்கம் குக்கர் இரைகிறது. அவருடைய இருமல் மெல்ல அடங்குகிறது.

நாளைக்கு வேலைக்குப் போய்விடுவார்.