தாழ் போடாத கதவு

அண்ணா,

இன்று மதியம் நம் இல்லத்தில் அரிசிம்பருப்பு சாதம். குக்கர் மூடியைத் திறந்ததும் சீரகமும் பூண்டும் வெந்த வாசனை மாடி வரைக்கும் ஏறிவிட்டது. சமையல் என் பொறுப்புதான். ஆனாலும் இதை மட்டும் ஒரு வருடமாக ஆக்காமல் தட்டிக் கழித்து வந்தேன். புதிதாக விடுதலையாகி வந்திருக்கும் நான்கு பேரும் சேர்ந்து கேட்டுவிட்டார்கள், தப்ப முடியவில்லை. அவர்கள் நெய் ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் மாடிக்கு வந்து, நீங்கள் படுத்திருந்த கட்டிலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நாளை உங்களுக்கு வருடத் திதி.

ஜெயிலுக்குள்ளே இருந்த காலத்தில் ஞாயிறு தவறாமல் இதே பேச்சுதானே உங்களுக்கு. "எங்க ஊட்ல ஆக்கறாப்புல ஒருத்தராலயும் ஆக்க முடியாதுங்க" என்பீர்கள். கேட்டுக் கேட்டு, பார்த்திராத அண்ணியின் கைப்பக்குவம் எனக்கே அத்துப்படி ஆகிவிட்டது. உங்கள் 'ங்க'வை வைத்து உங்களை எத்தனை கேலி செய்திருப்பேன்! குறுக்கே படுத்திருந்த நாயிடம்கூட "கொஞ்சம் தள்ளிப் படுங்க" என்றவர் நீங்கள். இந்த மனிதர் ஒரு உயிர் போகக் காரணமாக இருந்தார் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். நீங்கள் மட்டும் அதை ஒருநாளும் மறக்கவில்லை.

நீங்கள் பதினாறு வருடம், நான் பதின்மூன்று. ஒரே மாதத்தில் வெளியே வந்தோம். போக இடமில்லாமல் பீளமேட்டில் பழைய மில்லுக்குப் பின்னால் இருக்கும் இந்த மறுவாழ்வு இல்லத்தில் ஒரே அறையில் சேர்ந்தோம். உங்களுக்கு மரச்சாமான் பட்டறையில் வேலை கிடைத்தது, எனக்கு இங்கேயே அடுப்படி.

ஆறு மாதம் கழித்து அண்ணி போன் செய்தார். "வர்ற ஞாயித்துக்கெழமை ஊட்டுக்கு வாங்க" என்று ஒரே வாக்கியம். அதை நீங்கள் என்னிடம் நான்கு தடவை சொன்னீர்கள். முடி வெட்டிக்கொண்டீர்கள். சட்டைக்கு இஸ்திரி போடச் சொல்லி என்னை விரட்டினீர்கள். மல்லிகைப்பூவும் மைசூர்பாகும் வாங்கிக்கொண்டு தொண்டாமுத்தூர் பஸ் ஏறும்போது, "தங்கறதுக்குத் துணி எடுத்துக்கலீங்களா?" என்று கேட்டேன்.

"அவ இருன்னு சொன்னா இருந்துக்குவனுங்க. இல்லீன்னா திரும்ப உங்க மூஞ்சிதான்" என்றீர்கள். சிரித்தீர்கள்.

மூன்று மணிக்கே திரும்பி வந்துவிட்டீர்கள். சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, "கதவு தொறக்கலீங்க" என்றீர்கள். ஒன்றரை மணி நேரம் வெயிலில் வாசலில் நின்றிருக்கிறீர்கள். "ரெண்டு தடவ இருமிக்கூடப் பாத்தனுங்க. உள்ள பாத்திரம் உருட்டற சத்தம் கேட்டுச்சு."

எனக்குக் கோபம் வந்தது. "வேண்டாம்னு நெனைக்கறவங்க வாசல்ல போயி நிக்கக்கூடாதுங்கண்ணா. கூப்புட்டுப்போட்டு கதவச் சாத்திக்கிட்டாங்கன்னா அதுதான் பதிலு" என்றேன்.

"அவ மேல தப்பில்லீங்க" என்று மட்டும் சொன்னீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் அண்ணிக்குப் போன் செய்யவில்லை. அங்கிருந்தும் வரவில்லை. அன்று உங்களுக்கு ஆறுதல் சொன்னதாகத்தான் நினைத்தேன். உண்மையைச் சொல்கிறேன் அண்ணா, உங்கள் கட்டில் காலியாகவில்லை என்பதில் எனக்கு உள்ளூரச் சந்தோஷமும் இருந்தது. உங்களை விட்டால் எனக்குப் பேச யார் இருந்தார்கள்?

நான்கு மாதம் கழித்து, பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டீர்கள். பட்டறையிலிருந்தே உங்களைத் தொண்டாமுத்தூருக்குக் கொண்டுபோய்விட்டார்கள்; எனக்குத் தகவல் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

காரியம் முடிந்து உங்கள் துணிகளை வாங்கிப்போக அண்ணி இங்கே வந்தார். அப்போதுதான் முதல்முறையாக அவரைப் பார்க்கிறேன். பையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"அன்னைக்கு அரிசிம்பருப்பு ஆக்கிக்கிட்டிருந்தனுங்க. அந்த வாசத்துக்குக் கொரங்கு உள்ள வந்துருமுன்னு கதவச் சும்மா சாத்தி வெச்சிருந்தேன். தாழ் போடலீங்க. மத்தியானம் வெளிய வந்து பாத்தா படிமேல பூவும் மைசூர்பாகும் இருக்குது, ஆளக் காணோம். வந்து பாத்துப்போட்டு வேண்டாம்னு போனவருக்கு நான் என்னன்னுங்க போன் பண்றது? தள்ளுனாத் தொறந்துக்கும். அவரு ஊடுதானுங்களே. ஏனுங்க அவரு தள்ளல?"

நாம் இந்த இல்லத்துக்கு வந்த முதல் நாள் காலை ஞாபகம் வந்தது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நீங்களும் நானும் குளியலறைக் கதவு முன்னால் வரிசையாக நின்றோம். பொறுப்பாளர் அம்மா வந்து, "ஏனுங்க, உள்ள ஆருமில்லீங்களே. ஆரு வந்து தொறக்கோணும்னு நிக்கறீங்க?" என்றார். நாம் வெட்கப்பட்டுச் சிரித்தோம். அத்தனை வருடங்களில் நாம் ஒரு கதவைத் தொட்டதே இல்லை. திறப்பதும் அடைப்பதும் வேறு யாரோ. நமக்கு அங்கே சாத்தின கதவு, பூட்டின கதவு என்று இரண்டு கிடையாது. அடைத்திருந்தால் நிற்கவேண்டும், அவ்வளவுதான். வெளியே வந்து ஆறு மாதமாகியும் அந்தப் பழக்கம் நம்மை விடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வேறு யாரிடம் போய்ச் சொல்லியிருந்தாலும், பால்காரரிடம் சொல்லியிருந்தால்கூட, "தள்ளிப் பாத்தீங்களா?" என்று கேட்டிருப்பார்கள். நீங்கள் என்னிடம் வந்து சொன்னீர்கள். எனக்கு அது தோன்றவே இல்லை. நானும் உங்களைப் போல நின்று பழகியவன்தானே.

குளியலறைக் கதையை அண்ணியிடம் சொன்னேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெகுநேரம் அழுதார். பிறகு கேட்டார்: "அன்னைக்குத் திரும்பி வந்து உங்ககிட்ட என்ன சொன்னாருங்க? நீங்க ஒண்ணுஞ் சொல்லலீங்களா?"

"அவரு ஒண்ணும் பேசலீங்க. நானும் எதுவுஞ் சொல்லலீங்க" என்றேன்.

அந்தப் பொய்யோடுதான் ஒரு வருடமாக இருக்கிறேன். இங்கிருந்து வீட்டுக்குப் போகிற ஒவ்வொருவரிடமும், "கதவு சாத்தியிருந்தாத் தள்ளிப் பாருங்க, இல்லீன்னா பேரச் சொல்லிக் கூப்புடுங்க" என்று சொல்லி அனுப்புகிறேன். சிலர் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டுப் போகிறார்கள். எத்தனை பேருக்குச் சொன்னாலும் உங்களுக்குச் சொன்னதைத் திரும்ப எடுக்க முடியவில்லை. உங்களை இரண்டாம் தடவை போகவிடாமல் செய்தவன் நான்தான்.

இன்று காலை அண்ணி போன் செய்தார். "நாளைக்கு அவசியம் வரோணுமுங்க. அவருகூட இருந்தவருன்னு ஒருத்தராச்சும் வேணுமில்லீங்களா. வந்தா வெளிய நிக்காதீங்க, நேரா உள்ள வந்துருங்க. இப்பெல்லாம் பகல்ல நான் கதவச் சாத்தறதே இல்லீங்க. கொரங்கு வந்தா வந்துட்டுப் போவுது."

"வாரேனுங்க" என்று சொல்லிவிட்டேன்.

உள்ளே போய் அவர் முகத்தைப் பார்த்தால் சொல்லியாகவேண்டும். சொன்னால், ஒரு வருடமாகத் தன்னையே நொந்துகொள்கிறவர் என்னை வெறுப்பார். அது நியாயம்தான். சொல்லாமல் அவர் கையால் சாப்பிட்டு வருவதும் என்னால் ஆகாது. திறந்து கிடக்கிற வீட்டுக்குள் போக எனக்குப் பயமாக இருக்கிறது, அண்ணா.